மூன்று கை மாறிய வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவன் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பான், அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான், டயரை ஒரு உதை உதைப்பான். சத்யராஜ் இதில் எதையும் செய்யவில்லை. நேராக வண்டியின் பின்பக்கம் போய், கதவுக்குக் கீழே மடங்கிக் கிடந்த இரும்புப் படியைக் கையால் இறக்கினான். படியைத் தாங்கிப் பிடித்திருந்தது ஒரு சைக்கிள் செயின். அந்தச் செயினையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றவன், "இது யார் யார் கையில இருந்த வண்டி சார்? மொதல்ல வச்சிருந்தவருலேர்ந்து எனக்குத் தெரியணும்" என்றான்.

வேணுகோபாலுக்குச் சிரிப்பு வந்தது. "வண்டி பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியாப்பா?" என்றார்.

அவர் சின்ன காஞ்சிபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, வாலாஜாபாத் போகிற சாலையில் தென்னந்தோப்பு ஒன்றை வாங்கிப் போட்டு அங்கேயே பொழுதைக் கழித்துக்கொண்டிருந்தார். கொரோனா காலத்தில் ஓட்டல்களெல்லாம் மூடிக் கிடந்தபோது, பேரப்பிள்ளைகளோடு ஊர் சுற்றலாம் என்று ஆசைப்பட்டு இந்த வண்டியை வாங்கினார். ஏலகிரி வரைக்கும் ஒருமுறை போனதோடு சரி. பேரப்பிள்ளைகள் அமெரிக்கா போய்விட்டார்கள். வண்டி தோப்பில் கீற்றுக் கொட்டகையில் நின்றது.

வண்டி என்பதைவிடச் சக்கரம் வைத்த வீடு என்று சொல்லலாம். மரச்சட்டத்தில் தகரம் அடித்துக் கட்டிய பாடி. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, காற்றுக்குத் தூக்கி வைக்கிற சன்னல்கள். பாண்டிச்சேரி நம்பர். இதன் போட்டோவை டிரைவர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டதைப் பார்த்துத்தான் சத்யராஜ் வந்திருந்தான். இருபது வருடமாக ஒரு டிராவல்ஸில் அடுத்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறவன். வெளிநாட்டுக்காரர்களை இப்படியொரு வண்டியில் மாமல்லபுரம், செஞ்சி என்று கூட்டிப் போகலாம். பட்டுக்கடைகள் எடுக்கிற கல்யாணப் பெண் போட்டோக்களுக்கும் வாடகைக்கு விடலாம் என்று மனைவி ஏஞ்சலிடம் கணக்குச் சொல்லியிருந்தான். ஏஞ்சல் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தன் சம்பளச் சான்றில் கடன் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

அவளிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. போட்டோவைப் பார்த்ததுமே அவனுக்கு வண்டி அடையாளம் தெரிந்துவிட்டது. இப்படி ஒரு வண்டி இந்தப் பக்கத்தில் இரண்டு இருக்க முடியாது. இது அவன் அப்பா திருடி விற்றதாகச் சொல்லப்பட்ட வண்டி.

அப்பா வீராசாமி, பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் பஞ்சாட்சரத்திடம் டிரைவராக இருந்தார். பஞ்சாட்சரம் நாற்பது ஐம்பது தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்துப் புடவை நெய்து வாங்கியவர், பெரிய சிவபக்தர். அவருக்கும் அவர் மனைவி ஏலவார்குழலிக்கும் பிள்ளை இல்லை. தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இருநூற்று எழுபத்து நான்கையும் இரண்டு பேருமாகப் பார்த்துவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டார்கள். கண்ட இடத்தில் சாப்பிடுவதும் சத்திரத்தில் படுப்பதும் அந்த அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்காகவே இந்த வண்டியைக் கட்டினார். தறி வேலையைத் தம்பி உமாபதி பார்த்துக்கொள்ள, வருடத்தில் இரண்டு மூன்று தடவை புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பிவிடுவார்கள். ஓட்டுகிறவர் வீராசாமி.

அவர் அந்தச் சக்கர வீட்டுக்குள் ஏறியதில்லை. யாரும் ஏறச் சொன்னதும் இல்லை. ராத்தங்கல் என்றால் வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் படுப்பார். மழை பெய்தால் டிரைவர் சீட்டில் முழங்காலை மடக்கிக்கொள்வார். சோறு இலையில் வெளியே வரும். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி வந்து ஏறி இறங்கச் சிரமப்பட்டபோது, பழைய சைக்கிள் செயின் வைத்து மடக்குப் படி செய்து கொடுத்தவர் அவர்தான். ஒருநாள் வண்டி அவர்கள் குடியிருந்த காலனிப் பக்கமாக வந்து நின்றபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்த சத்யராஜ் அந்தப் படியை இறக்கி ஏற்றி விளையாடியிருக்கிறான். அப்பா அவனைத் திட்டவில்லை, செயினுக்கு எண்ணெய் விடச் சொன்னார்.

தொண்ணூற்றாறில் பஞ்சாட்சரம் மாரடைப்பில் போய்விட்டார். வருடம் திரும்புகிற சமயத்தில் வண்டி காணாமல் போனது. பெயிண்ட் அடிக்க வாலாஜாபேட்டையில் ஒரு பாடி ஷெட்டில் கொண்டுபோய் விடு என்று உமாபதி சொன்னதாகவும், விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்துவிட்டதாகவும் வீராசாமி சொன்னார். நான் சொல்லவே இல்லை என்றார் உமாபதி. இங்கே எந்த வண்டியும் வரவில்லை என்றான் ஷெட்டுக்காரன். போலீஸ் வந்து காலனியிலிருந்து வீராசாமியைக் கூட்டிப்போனது. சில நாட்கள் வைத்திருந்து விசாரித்தார்கள். எப்படி விசாரித்தார்கள் என்பது அவர் வெளியே வந்தபோது இழுத்து இழுத்து வைத்த வலது காலில் தெரிந்தது.

வெளியே விடச் சொன்னதும் உமாபதிதான். "ஏழை. பிழைத்துப் போகட்டும். கேஸ் வேண்டாம்" என்று ஸ்டேஷனுக்கே நேரில் வந்து சொன்னார். சத்யராஜின் அம்மா கங்கையம்மாள் ஸ்டேஷன் வாசலில், தெருவே பார்க்க, அவர் காலில் விழுந்தாள். திருடனையும் மன்னித்த மகராசன் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கப் பேசிக்கொண்டது.

அதற்குப் பிறகு வீராசாமிக்கு யாரும் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. 'ஷெட்டுலதான் வுட்டேன், ஷெட்டுலதான் வுட்டேன்' என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். கங்கையம்மாளுக்கு ஒரே கேள்விதான்: வித்த காசு எங்கே, எவளுக்குக் கொடுத்தாய்? ஒரு கட்டத்தில் அவருக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். அவர் செவிலிமேடு பஸ் நிழற்குடையில் படுக்க ஆரம்பித்தார். அந்த வழியாகப் போகும்போது சத்யராஜ் எதிர்ப்பக்கம் நடப்பான். முதல்முதலில் டிராவல்ஸில் வேலை கேட்டுப் போனபோது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அவர் செத்துவிட்டார் என்றான். உண்மையில் அவர் சாவதற்கு அப்போது இன்னும் சில வருடங்கள் இருந்தன.

ஆகவே, அந்த வண்டி எப்படி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதை அறியாமல் அவனால் வாங்க முடியாது. அப்பா யாரிடம் விற்றார் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்பன் திருட்டுத்தனமாக விற்றதை மகன் நேர்வழியில் காசு கொடுத்து வாங்கினான் என்று நாளைக்கு நாலு பேர் சொன்னால் போதும் என்று ஒரு நினைப்பு.

வேணுகோபாலின் ஆர்சியில் அவர் மூன்றாவது உரிமையாளர் என்று மட்டும் இருந்தது. தனக்கு விற்றவர் ஆனந்தகுமார், சினிமாக் கம்பெனிகளுக்கு வண்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், வரி குறைவு என்று பாண்டிச்சேரிக்கு மாற்றியதும் அவர்தான், சாலிகிராமத்தில் இருக்கிறார் என்று சொல்லி நம்பர் கொடுத்தார். அதற்கு முந்தின ஆளைப் பற்றி அவருக்குத் தெரியாது.

ஏஞ்சலிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "த பாருங்க, வண்டி வாங்கத்தான் போறீங்கன்னா போங்க. செத்துப்போன மனுசன மறுபடி ஸ்டேஷனுக்கு இழுக்கறதுக்குன்னா வேணாம்" என்றாள். அவன் அடுத்த சவாரி சென்னை ஏர்போர்ட் என்று வந்தபோது, ஆட்களை இறக்கிவிட்டுச் சாலிகிராமம் போனான்.

ஆனந்தகுமாருக்குச் சர்க்கரையில் ஒரு கால் விரல்கள் போயிருந்தன. மாடி வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டி என்றதும் முகம் மலர்ந்தது. எந்தெந்த நடிகை அதில் உட்கார்ந்து மேக்கப் போட்டாள், எந்த மலையில் பிரேக் பிடிக்காமல் போனது என்று சொல்லிக்கொண்டே போனார். சத்யராஜ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, யாரிடம் வாங்கினீர்கள் என்றான்.

"அதுவா? வாலாஜாபேட்டை ஷெட்டுல. ஒரு வேன் பாடி கட்ட வுட்டுருந்தேன், பாக்கப் போனா இது நிக்குது. காஞ்சிபுரம் பட்டுப் பார்ட்டி, விக்கறாங்கன்னு ஷெட்டுக்காரன் சொன்னான். மறுவாரமே ஓனர் வந்துட்டாரு. பஞ்சாட்சரம்னு பேரு. ஆர்சி புக்குலயும் அதே பேருதான். எதிர்க்க உக்காந்து கையெழுத்துப் போட்டாரு. போம்போது எங்க வீட்டுக்காரிக்கு ஒரு புடவ வேற குடுத்தாரு."

அப்போது பஞ்சாட்சரம் செத்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. சத்யராஜ் அதைச் சொல்லவில்லை. வந்தவர் எப்படி இருந்தார் என்று கேட்டான். சிவப்பாக, நெற்றி நிறைய விபூதியோடு, வலது கண் இமை மட்டும் பாதி மூடினாற்போல இருந்தது என்றார் ஆனந்தகுமார். போன பங்குனி உத்திரத்துக்குக் காஞ்சிபுரத்தில் கட்டியிருந்த அன்னதான பேனரை யாரோ போட்டோ எடுத்துப் போட்டிருந்தார்கள். சத்யராஜ் அதைத் தேடி எடுத்து, அதிலிருந்த உமாபதியின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். ஆனந்தகுமார் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்.

"இவரேதான். அப்போ நரைக்கல."

"வண்டியக் கொண்டாந்து வுட்ட டிரைவரப் பாத்தீங்களா சார்?"

"நான் பாக்கல. ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்குது. கையெழுத்துப் போட்டுட்டு இவரு ஷெட்டுக்காரன்கிட்ட சொல்லிக்கினு இருந்தாரு, டிரைவர் திரும்பி வந்து கேட்டாலும் சரி, போலீசு வந்து கேட்டாலும் சரி, இங்க எந்த வண்டியும் வரலன்னு சொல்லிடுன்னு. அண்ணன் தம்பி சண்டையா இருக்கும், நமக்கெதுக்குன்னு நான் வெளிய வந்துட்டேன்."

சத்யராஜ் கீழே இறங்கி வந்து காரில் உட்கார்ந்தான். சாவியைப் போட்டான், திருப்பவில்லை. அப்பா சொன்னது ஒரே ஒரு வாக்கியம். வருடக்கணக்காக அதையே சொன்னார். அதைப் பைத்தியத்தின் பேச்சு என்று வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள்.

ஏஞ்சல், வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைச் செய்யலாம் என்றாள். அவனால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே பிள்ளையார்பாளையம் போனான்.

உமாபதி குளித்து, பூசை முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மகன் முத்துக்குமார், காந்தி சாலையில் மூன்று மாடிப் பட்டுக்கடை நடத்துகிறவன், கடைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். உள்கட்டு வாசலை ஒட்டி, ராட்டையை முன்னால் வைத்துக்கொண்டு ஏலவார்குழலி தறிக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தார். வயது எழுபத்தைந்து இருக்கும். வீராசாமியின் மகன் என்று சொன்னதும் உமாபதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அவன் அப்பா அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டியதில்லை. இப்போது நாற்காலி கிடைக்கிறது. அவன் உட்காரவில்லை.

வேணுகோபாலின் தோப்பில் ஆரம்பித்து ஆனந்தகுமார் சொன்னது வரைக்கும் குரலை உயர்த்தாமல் சொன்னான். உமாபதி குறுக்கிடாமல் கேட்டார். மறுப்பார், கோபப்படுவார், வெளியே போ என்பார் என்று அவன் எதிர்பார்த்து வந்திருந்தான். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை.

"ஆமாம்பா, நான்தான் வித்தேன். எங்க வூட்டு வண்டி, நான் வித்தேன்" என்றார். "எங்கண்ணன் போய் வருசம் திரும்பல. மீதிக் கோயிலையெல்லாம் நான் தனியாப் பாக்கறேன், வீராசாமி ஓட்டட்டும்னு நிக்கறாங்க இவங்க. ஒரு விதவைப் பொம்பள, உங்க தெரு ஆளோட, ஊர் ஊராப் போயி ராத்தங்கறதா? சொன்னா கேக்கல. வண்டி இருந்தாத்தானே போவாங்க."

"அதுக்கு எங்கப்பா பேரையா குடுப்பீங்க?"

"வேற யார் பேரச் சொல்றது? அவன் கையிலதான் சாவி இருந்துது." இதை அவர் விளக்கம் போலத்தான் சொன்னார். "ஆனா கேஸ் எழுத வுட்டனா நான்? நானே வந்து வெளிய வுடச் சொன்னேன். உங்கம்மாவக் கேளு. கால்ல வுழுந்து கும்பிட்டாங்க."

முத்துக்குமார் ஒரு ஷூவோடு அப்படியே நின்றிருந்தான். அவனுக்கு இது புதுச்செய்தி என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் அவன் கேட்டது, அந்த வண்டி இன்னும் அந்தத் தோப்பில்தான் நிற்கிறதா என்பதை மட்டும்தான்.

சத்யராஜ் உள்கட்டுப் பக்கம் திரும்பினான். ராட்டை நின்றிருந்தது.

"அம்மா, உங்களுக்கு இது தெரியுமா?"

உமாபதி தன் அண்ணியைப் பார்க்கவும் இல்லை. அதற்குத் தேவை இருப்பதாக அவர் நினைக்கவில்லை போலும்.

"அடுத்த வருசமே தெரிஞ்சுது" என்றார் ஏலவார்குழலி. "ஷெட்டுக்காரர் வூட்ல கல்யாணம்னு புடவ எடுக்க வந்தாங்க. அந்தப் பொம்பள வாய் தவறிச் சொல்லிட்டாங்க."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"யார்கிட்டப்பா சொல்றது? நான் சாப்பிடறது இந்த வூட்லதான்." பிறகு, விசாரிக்க வேண்டிய ஒன்றை மறந்துவிட்டவர் போல நிமிர்ந்தார். "வீராசாமி நல்லா இருக்காரா?"

"செத்துப் பதினஞ்சு வருசம் ஆவுது."

அவர் தலையை ஆட்டினார். நூல் எங்கே விட்டது என்று விரலால் தேடிப் பிடித்து, மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினார். அவன் வெளியே வந்து செருப்பை மாட்டும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று ஏஞ்சல் சொன்னாள். அவளுக்கு மாமியாரைத் தெரியும். ஆனால் சத்யராஜுக்கு, இத்தனை வருட அவமானத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறோம் என்ற எண்ணம் உள்ளுக்குள் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. கங்கையம்மாள் முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் கை நிற்கவில்லை. பிறகு நின்றது.

"அப்ப அந்தாளு சொன்னது நெசமா?"

"நெசம்மா. ஷெட்டுலதான் வுட்டிருக்காரு."

"நான் அந்த உமாபதி கால்ல வுழுந்தனேடா."

அவள் கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டாள்.

"கடைசியா ஒருநாள் ஜொரத்தோட வந்து வாசல்ல நின்னாரு. கஞ்சி கேட்டாரு. அவகிட்டயே போய் கேளுன்னு கதவச் சாத்துனேன். எவகிட்ட? ஒருத்தியும் இல்லையே." அவள் அழவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஏன்டா இத்த எங்கிட்ட சொன்ன? நான் பாட்டுக்கும் அவரத் திட்டிக்கினே போய்ச் சேந்திருப்பேனே."

அன்றிலிருந்து அவள் அவனிடம் அதிகம் பேசுவதில்லை. புருஷனை வெறுத்ததில் அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது, அந்த நியாயத்தை வைத்து ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டாள். அதைப் பிடுங்கிக்கொண்டவன் மகன். பதிலுக்குக் கொடுக்க அவனிடம் ஒன்றுமில்லை.

ஏஞ்சல் கூட்டிப்போன வக்கீல் நல்ல மனிதர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சாட்சி யார் என்றார். ஆனந்தகுமாருக்குப் போன் செய்தார்கள். முதல் நாள் அவ்வளவு பேசியவர், வயசான காலத்தில் தன்னைக் கோர்ட்டுக்கு இழுக்க வேண்டாம், அன்றைக்கு மாத்திரை மயக்கத்தில் எதையோ சொல்லியிருப்பேன் என்றார். அவருக்கு அதற்குள் காஞ்சிபுரத்திலிருந்து யாரோ போன் செய்திருந்தார்கள் என்பது புரிந்தது. ஸ்டேஷனில் விசாரித்தால், அந்த வருடத்தில் அப்படி ஒரு புகாரே பதிவாகவில்லை. இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகவே பேசினார். போடாத கேஸிலிருந்து எப்படிங்க ஒருத்தர் பேரை நீக்குவது என்று கேட்டார்.

வண்டியையாவது வாங்கிவிடுவோம் என்று வேணுகோபாலுக்குப் போன் செய்தான். அவர் சங்கடப்பட்டார். வண்டி போய்விட்டது என்றார்.

"முத்துக்குமார் வந்தாருப்பா. அவங்க பெரியப்பாவோட வண்டியாமே அது? ரொம்ப நாளாத் தேடிக்கினு இருந்தாங்களாம். கேட்ட வெலைய மறு பேச்சில்லாமக் குடுத்துட்டாரு. நீ இதையெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவன் அந்த வீட்டுக்குப் போய் வண்டி இருக்கிற இடத்தைச் சொன்னதால்தான் அது அவர்கள் கைக்குப் போனது. உடைத்துப் போட்டுவிடுவார்கள், இருந்த ஒரே அடையாளமும் போய்விடும் என்று நினைத்தான். முத்துக்குமார் அவன் நினைத்ததைவிடக் கெட்டிக்காரன்.

ஆடித் தள்ளுபடிக்கு முன்னால், காந்தி சாலைக் கடையின் முகப்பில் அந்த வண்டி வந்து நின்றது. சந்தன நிறமும் அரக்குமாகப் புது பெயிண்ட், சன்னல்களுக்குப் பட்டுத் திரை. பக்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய பலகை. "நிறுவனர் பஞ்சாட்சரம் ஐயா தம் துணைவியாருடன் பாடல் பெற்ற தலங்களைத் தரிசித்த வாகனம் இது. ஓட்டுநரால் களவாடப்பட்டு, இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பத்தினரின் விடாமுயற்சியால் மீட்கப்பட்டது" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ஒரு யூடியூப் சேனல்காரன் வந்து முத்துக்குமாரைப் பேட்டி எடுத்தான். அதில் உமாபதி ஒரு நிமிடம் வந்து, அந்த டிரைவரை அப்போதே மன்னித்துவிட்டதாகச் சொன்னார். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். தெய்வ சங்கல்பம் என்று கீழே எழுதினார்கள். இதுவரை காலனியும் பிள்ளையார்பாளையமும் மட்டும் அறிந்திருந்த கதை, இப்போது சத்யராஜ் ஓட்டுகிற காரின் பின்சீட்டு வரைக்கும் வந்துவிட்டது. பெங்களூர்க்காரர்கள், ஆந்திராக்காரர்கள், போகிற வழியில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். அவன் நிறுத்தினான்.

பலகையை எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அதில் யார் பெயரும் இல்லையே என்று பதில் வந்தது.

ஒரு நாள் காலை கங்கையம்மாள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, தன்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கடைக்கு எதிரே காரை நிறுத்தினான். அவள் தானே இறங்கிச் சாலையைக் கடந்தாள். அவன் சற்றுப் பின்னால் போனான்.

கல்யாணமாகப் போகிற ஒரு ஜோடியை வண்டி முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண் பின்கதவுப் படியில் ஒரு கால் வைத்து, முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள். கங்கையம்மாள் வண்டிக்குப் பக்கத்தில் போய், பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கஷ்டப்பட்டு இடுப்பை வளைத்து, வண்டிக்கு அடியில் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே செயற்கைப் புல் விரித்திருந்தார்கள்.

போட்டோக்காரன் ஏதோ சைகை செய்ய, கடை வாட்ச்மேன் ஓடி வந்தான்.

"ஆயா, கொஞ்சம் தள்ளு. போட்டோல வுழற."

"இந்த வண்டிய ஓட்டுனது எங்க வூட்டுக்காரரு" என்றாள் அவள்.

வாட்ச்மேன் பலகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் அதைப் படித்திருக்க வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதும் இல்லை.

"சரி ஆயா. வெளிய யார்கிட்டயும் சொல்லிக்காத" என்று அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அவளுக்கு அது விளங்கவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவள் முழங்கையைப் பிடித்து, வண்டி வருகிறது என்று சாலையைக் காட்டி, அப்பால் கூட்டிப்போனான். காரில் ஏறி உட்கார்ந்ததும், ஏன் சொல்லக்கூடாதுன்றான் என்று கேட்டாள். அவன் ரிவர்ஸ் எடுப்பதற்காகப் பின்பக்கம் பார்த்தபடியே இருந்தான். அவள் மறுபடி கேட்டாள்.